இரண்டாம் சாம்பார் – அத்தியாயம் 14: அலிப்பூர்த் தூக்கு

போன வார அத்தியாயத்தில் கோபத்தோடு படுக்கப் போன வசுமதி, அதே கோபத்தோடுதான் எழுந்தாள். நடுவில் ஐந்து மணி நேரம் தூங்கியதில் கோபம் கொஞ்சமும் குறையவில்லை. நன்றாக ஓய்வெடுத்துக்கொண்டு தெம்பாக இருந்தது.

காரணம், மகன் நிர்மல்.

'வசுமதி டிபன்' என்ற பெயரில் கொல்கத்தாவில் நான்கு கடைகள். லேக் கார்டன்ஸ், டாக்குரியா, அலிப்பூர், பெஹாலா. ஐந்தாவது கடை இன்று பகல் பதினொரு மணிக்கு ஒரு புது மாலில் திறக்கிறது. துர்கா பூஜைக்கு இன்னும் ஒன்பது நாள். துணி வாங்க ஊரே அங்கேதான் வரும் என்று பார்த்துப் பார்த்துத் தேதி குறித்தவன் நிர்மல். அதில் வசுமதிக்கு ஆட்சேபம் இல்லை. "அந்தக் கடையிலேர்ந்து தூக்கெல்லாம் வராதும்மா" என்று நேற்றுச் சாப்பிடும்போது சொன்னான் பாருங்கள், அங்கேதான் பற்றிக்கொண்டது.

தூக்கு இல்லாமல் கடையா!

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், லேக் கார்டன்ஸ் வீட்டுச் சமையலறையில் பத்துப் பதினைந்து தமிழ்ப் பையன்களுக்கு இட்லி ஊற்ற ஆரம்பித்தவள் வசுமதி. முதல் கடை திறந்தபோது பிரச்சினை இல்லை, அடுப்படியில் அவளே நின்றாள். இரண்டாவது கடை வந்தபோது ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு கடையிலும் காலையில் வைக்கிற சாம்பார், ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கில் ஐந்தரை மணிக்குள் அவள் வீட்டு மேஜைக்கு வந்துவிட வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி குடித்துப் பார்ப்பாள். அவள் போனில் 'சரி' சொல்லாமல் எந்தக் கடையும் ஷட்டரைத் தூக்காது. புயலடித்து மரமெல்லாம் ரோட்டில் விழுந்து கிடந்த மறுநாள்கூட, தூக்கு வந்த பிறகுதான் கடை திறந்தது.

இன்று மேஜையில் நான்கு தூக்குகள் இருந்தன.

மூன்றைப் பால் வண்டிக்காரர் வைத்துவிட்டுப் போயிருந்தார். அலிப்பூர்த் தூக்கு மட்டும் மூன்று மாதமாகக் கணவர் தியாகராஜன் கையால் வருகிறது. "டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரு. அலிப்பூர்ப் பக்கம் மரமெல்லாம் நல்லா இருக்கு. ஸ்கூட்டர்ல போய் நடந்துட்டு, அப்படியே தூக்கையும் வாங்கிட்டு வந்துடறேன்" என்று அவராகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த மனிதர் கேட்டு வாங்கிய ஒரே வேலை அதுதான். வசுமதி அதை அக்கம்பக்கத்தில் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"லேக்ல படகு ஓட்டற பசங்க இன்னிக்கு விடியறதுக்கு முன்னாடியே இறங்கிட்டாங்க. என்னா சத்தம்கிறே!" என்றபடி தியாகராஜன் தூக்கை வைத்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். வீட்டில் சண்டை வரும் என்று தெரிந்தால் அவர் பேப்பருக்குள் போய்விடுவார். இன்றைக்குச் சண்டை ஆரம்பிப்பதற்கு முன்பே போய்விட்டார்.

லேக் கார்டன்ஸ் சரி. பெஹாலாவில் உப்பு கம்மி. டாக்குரியா தூக்கில் ஒரு கரண்டி குடித்தவள், முகத்தைச் சுளித்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"சிவலிங்கம், என்ன இது? புளி பச்சையா அடிக்குது. இன்னும் கொதிக்கணும்."

டாக்குரியா கடையின் தலைமைச் சமையல்காரன் சிவலிங்கம். திருநெல்வேலிக்காரன். வழக்கமாக ஒரு வார்த்தைக்கு மூன்று வார்த்தை திருப்பிப் பேசுகிறவன், இன்று "சரிக்கா, பார்த்துக்கிடுதேன்" என்றதோடு நிறுத்திக்கொண்டான்.

கடைசியாக அலிப்பூர். ஒரு கரண்டி குடித்தாள். இன்னொரு கரண்டியும் குடித்தாள்.

"இது சாம்பார்! இந்த அலிப்பூர்க்காரன்கிட்ட சிவலிங்கம் ஒரு வாரம் போய்ப் படிக்கணும். என்னங்க, நீங்களும் ஒரு வாய் பாருங்க."

பேப்பர் அசையவில்லை.

ஐந்தாவது தூக்கு வரவில்லை. ஆறு மணி ஆனது, ஏழு மணி ஆனது. நான்கு மணிக்கே கிளம்பிப் போன நிர்மல் போனை எடுக்கவில்லை. எட்டாவது முறை கூப்பிட்டபோது, 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று ஒரு செய்தி வந்து விழுந்தது. அம்மாவுக்கு மீட்டிங் செய்தி அனுப்புகிற பிள்ளை!

"மா, ஷோனோ, இதைக் கேளு! நாம லிஸ்ட்ல வந்துட்டோம்!"

ஹர்ஷினி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். கடைக்குட்டி மகள், செக்டர் ஃபைவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அண்ணனைத் 'தாதா' என்றுதான் கூப்பிடுவாள், தமிழில் திட்ட வராது, கோபம் வந்தால் வங்காள மொழிதான்.

"கொல்கத்தாவோட ஃபேவரைட் செயின் ரெஸ்டாரண்ட்ஸ், ஏன் போகணும்னு ஒருத்தர் எழுதியிருக்கார். நாற்பதாயிரம் பேர் படிச்சிருக்காங்க மா. பிரியாணிக் கடைக்கு முதல் இடம். நமக்கு ரெண்டாவது!"

"படி."

"'வசுமதி டிபனில் இட்லி வைத்தவுடன் சாம்பார் வரும். அது எல்லா இடத்திலும் வரும். ஆனால் இங்கே தட்டில் சாம்பார் தீரும் முன்பே, நீங்கள் வாயைத் திறந்து கேட்காமலே, வாளியோடு ஒருவர் வந்து நிற்பார். அந்த இரண்டாவது சாம்பாருக்காகவே போகலாம். இன்னொரு காரணம், எந்தக் கிளைக்குப் போனாலும் அதே ருசி. நான்கு கடை என்றாலும் கை ஒன்றுதான்.'"

வசுமதி மகளின் தோள் வழியே போனை எட்டிப் பார்த்தாள். முகம் தெரியாத ஒருவன், தன் இருபத்திரண்டு வருஷத்தை நான்கு வரியில் எழுதிவிட்டானே என்று இருந்தது. கோபம்கூட ஒரு நிமிஷம் எழுந்து வெளியே போய் நின்றது.

"அப்புறம்?"

"அவ்ளோதான் மா."

"கீழே இன்னும் ஒரு வரி இருக்கே. படி."

ஹர்ஷினி தயங்கினாள். "'ஒரே ஒரு குறை. அலிப்பூர் கிளையில் மட்டும் சில மாதங்களாகச் சாம்பார் இனிக்கிறது.'"

"என்னது?"

வெளியே நின்ற கோபம் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது.

"அலிப்பூரா? ரெண்டு மணி நேரம் முன்னாடி என் வாயால குடிச்சேன்டி! எவன் அவன்? வழியெல்லாம் ரசகுல்லா தின்னுட்டு வந்து என் சாம்பார் இனிக்குதுன்னு எழுதறானா? போன் நம்பர் குடு அவனோடது. இன்னிக்கு அவனை ஒரு வழி பண்ணிடறேன்! என்னங்க, கேட்டீங்களா? தினம் நீங்கதானே கொண்டுவரீங்க, நீங்க சொல்லுங்க, இனிக்குதா?"

தியாகராஜன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். அவர் ஏற்கெனவே குளித்திருந்தார்.

---

மாலின் மூன்றாவது மாடியில் இறங்கியதும் வசுமதி முதலில் பார்த்தது தன் பெயரைத்தான்.

ஆள் உயரத்துக்கு எழுத்துகள். வங்காள மொழியில் ஒரு வரி, ஆங்கிலத்தில் ஒரு வரி, ஓரத்தில் சின்னதாகத் தமிழ். உள்ளே விளக்கு வைத்து மஞ்சளாக எரிந்தது. பார்த்ததும் நெஞ்சு விம்மத்தான் செய்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? கும்பகோணத்திலிருந்து இரண்டு பெட்டியோடு ஹௌராவில் வந்து இறங்கி, ஒரு வார்த்தை பாஷை தெரியாமல் நின்றவளுடைய பெயர் அது.

அரை ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். பின்னால் ஹர்ஷினி.

மேஜைகள் பளபளத்தன. பணியாட்கள் புதுச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். தியாகராஜன் ஒன்பது மணிக்கே வந்துவிட்டார் போலிருக்கிறது, ஒரு மூலையில் நாற்காலி தேடி உட்கார்ந்திருந்தார். நிர்மல் யாரிடமோ பூமாலையை எங்கே மாட்டுவது என்று கை காட்டிக்கொண்டிருந்தான்.

வசுமதி எதையும் பார்க்கவில்லை. அவள் கண் வாளியைத் தேடியது.

"சாம்பார் வாளி எங்கே?"

"அம்மா, வா வா. உட்காரு. குத்துவிளக்கு நீதான் ஏத்தணும்."

"வாளி எங்கேன்னு கேட்டேன்."

"இங்க வாளி கிடையாதும்மா. தட்டுலயே மூடி போட்ட கப்புல வரும். இன்னும் வேணும்னா கவுன்ட்டர்ல கேட்டு வாங்கிக்கலாம்."

"கேட்டு வாங்கணுமா? நம்ம கடையிலயா?"

கவுன்ட்டரில் அடுக்கியிருந்த கப் ஒன்றை எடுத்தாள். மூடியைப் பிய்த்தாள். கரண்டிக்குக் காத்திருக்காமல் அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டாள்.

இனித்தது.

வெல்லம் ஒரு சிட்டிகை போடுவார்களே, அந்த இனிப்பு இல்லை. சர்க்கரை. நாக்கின் நுனியில் ஆரம்பித்துத் தொண்டை வரைக்கும் சர்க்கரை. அதற்குக் கீழே எங்கேயோ தன் மசாலாப் பொடியின் வாசனை இருப்பதும் தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

"யார் வச்சது இதை?"

"மெஷின்ல ஒரே இடத்துல வச்சு, உறைய வச்சு, இனிமே கடைக்குக் கடை அனுப்பப் போறோம். அம்மா, கத்தாதே, ஸ்டாஃப் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும்! சாம்பார்ல சர்க்கரை கொட்டினவனை எல்லாரும் பார்க்கட்டும்!"

"இந்த ஊர்க்காரங்களுக்கு இப்படித்தாம்மா பிடிக்குது. நான் சும்மா சொல்லலை. மூணு மாசம் அலிப்பூர்ல குடுத்துப் பார்த்துட்டுதான்..."

நிர்மல் சட்டென்று நிறுத்தினான். நிறுத்தியது தாமதமாகிவிட்டது.

அலிப்பூர். மூன்று மாதம். வசுமதி மெதுவாகத் திரும்பி மூலையைப் பார்த்தாள். லேக்கில் படகு. அலிப்பூருக்குப் போன மனிதர் லேக்கில் படகு ஓட்டுவதை எப்படிப் பார்த்தார்? லேக்குக்கு அந்தப் பக்கம் இருப்பது டாக்குரியா அல்லவா?

"என்னங்க. காலைல நீங்க தூக்கு வாங்கிட்டு வந்தது எங்கேருந்து?"

தியாகராஜன் எழுந்தார். உட்கார்ந்தார். "வசு, வீட்ல போய்ப் பேசிக்கலாம்."

"எங்கேருந்து?"

"சிவலிங்கம்கிட்டேருந்து."

மூன்று மாதம்! தொண்ணூறு காலை! அலிப்பூரில் உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றிவிட்டு, தனக்கு மட்டும் டாக்குரியா சாம்பாரை அலிப்பூர் என்று மூடி போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள். தாலி கட்டியவர் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். தான் அதைக் குடித்துவிட்டு, இன்னொரு கரண்டியும் குடித்திருக்கிறோம். பட்டியல் எழுதியவனைக் காலையில் திட்டியது நினைவுக்கு வந்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் ஒருவன்தான் உண்மை சொல்லியிருக்கிறான்.

"ஏன்டா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ விட்டிருப்பியா? அடுத்த வருஷம் பத்துக் கடை திறக்கணும்மா. ராஞ்சியில கேக்கறாங்க, கட்டாக்ல கேக்கறாங்க. கட்டாக்லேர்ந்து ரயில்லயா தூக்கு வரும்? போன வருஷம் உனக்குப் பத்து நாள் ஜுரம் அடிச்சுதே, அப்ப நாலு கடையும் பாதி நாள் மூடிக் கெடந்துது. ஒரு ஆளோட நாக்கை நம்பி எத்தனை கடை நடத்த முடியும்?"

அவன் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அதோடு விட்டிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். ஆனால் அவனுக்கும் அம்மாவின் கோபம்தான் வந்து வாய்த்திருந்தது.

"அந்த நாக்கும்தான் என்ன லட்சணம்? காலைல டாக்குரியா பச்சை, அலிப்பூர் பிரமாதம்னு சொன்னியாமே. அப்பா இப்பதான் சொன்னாரு. ரெண்டும் ஒரே அண்டாம்மா! ஒரே அண்டாவுல எடுத்த சாம்பார். ஒண்ணு உனக்குக் கசக்குது, ஒண்ணு இனிக்குது. உனக்கு ருசியே தெரியலை. கடைப் பேரைப் பார்த்துட்டுச் சொல்றே. இத்தனை வருஷமும் அப்படித்தான் சொல்லியிருப்பே, யார் கண்டா!"

 தமிழ் தெரியாத பணியாட்களுக்குக்கூடப் புரிந்துவிட்டது.

 வசுமதி அருகிலிருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். மகன் கத்தியதுகூடப் பெரிதில்லை. அவன் சொன்னது நிஜமாக இருக்குமோ என்று ஒரு பயம் வந்தது. அவள் படித்தவள் இல்லை, பாஷை தெரியாதவள், கணக்கு வழக்கு தெரியாதவள். அந்த நாக்கு ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அதுவும் பொய்யா? இருபத்திரண்டு வருஷமாக எல்லோரும் சும்மா தலையாட்டினார்களா?

"தாதா, சுப் கோரோ!" என்று ஹர்ஷினி கத்தினாள். அண்ணன் வாயை மூடினான். அவள் போனை எடுத்து எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தாள்.

"சிவலிங்கம் அண்ணா, எல்லாம் தெரிஞ்சு போச்சு. நீங்க பயப்படாம சொல்லுங்க. இன்னிக்குக் காலைல டாக்குரியா தூக்கும் அலிப்பூர் தூக்கும் ஒரே அண்டாவா?"

அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு சிவலிங்கத்தின் குரல் உடைந்து வந்தது.

"அக்கா இருக்காவளா? அக்கா, என்னை மன்னிச்சிருங்க. சின்னவரு சொல்லித்தான் செஞ்சேன். ஒரே அண்டாதாம்க்கா."

நிர்மல் கையை விரித்தான். பார்த்தாயா என்று அர்த்தம்.

"ஆனா அக்கா, ஒண்ணு சொல்லுதேன். இன்னிக்குப் பால் வண்டி நாலே காலுக்கே வந்துட்டு. புளித்தண்ணி சரியாக் கொதிக்கதுக்கு முன்னாலயே அந்தத் தூக்குல ஊத்திக் குடுத்துட்டேன். சார் வந்தாவ அஞ்சு மணிக்கு. அப்ப நல்லா கொதிச்சு எறக்கியாச்சு, அவுகளுக்கு அதைக் குடுத்தேன். நீங்க போன்ல பச்சைன்னு சொன்னதும் எனக்கு வெடவெடன்னு வந்துட்டு. முக்கால் மணி நேர வித்தியாசத்தை ஒரு கரண்டியில கண்டுபிடிச்சிட்டியளே! பாவி, இவுகளையா ஏமாத்துதோம்னு அப்பவே தோணிட்டுக்கா."

நிர்மலின் கை இறங்கியது.

வசுமதி நாற்காலியை விட்டாள். நிமிர்ந்தாள். அழுகை வந்தது, அதை விழுங்கினாள். போனை நோக்கி, "சிவலிங்கம், உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்" என்றாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"வெளியில எரியுதே என் பேரு, அதை இறக்கு."

"அம்மா..."

"சர்க்கரை போடு, மெஷின்ல வை, ராஞ்சிக்கு அனுப்பு, நான் கேக்க மாட்டேன். உன் பேர்ல பண்ணு. நான் குடிச்சுப் பார்க்காத சாம்பாருக்கு என் பேரு கிடையாது."

"முடியாதும்மா." நிர்மலின் குரலில் இப்போது கோபம் இல்லை. ஒரு பயம் இருந்தது. "அந்தப் பேரு உன்னுது இல்லை. கம்பெனியோடது. சித்திரையில பதிவு பண்ணியாச்சு. நீதானே கையெழுத்துப் போட்டே."

"நான் எதுல கையெழுத்துப் போட்டேன்?"

 அவளுக்கே நினைவு வந்தது. சித்திரையில் ஒரு நாள் மாவு கரைத்துக்கொண்டிருந்தபோது, கேஸ் இணைப்பை மாற்ற வேண்டும் என்று தியாகராஜன் ஒரு காகிதத்தை நீட்டினார். விரலில் ஒட்டிய மாவைப் புடவையில் துடைத்துவிட்டு, நின்றபடியே கையெழுத்துப் போட்டாள். படித்துப் பார்க்கவில்லை. அவர் நீட்டிய எதையும் அவள் படித்துப் பார்த்ததில்லை.

"நீங்களுமா?" என்றாள் கணவரிடம். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"பையன் முன்னுக்கு வரட்டுமேன்னுதான் வசு..."

"அதுல சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணுமே. அது யார் போட்டது?"

தியாகராஜன் தரையைப் பார்த்தார். நிர்மல் பூமாலையைப் பார்த்தான். மேஜைமேல் இருந்த போனை ஹர்ஷினி எடுத்துப் பைக்குள் வைத்தாள். வைத்த பிறகும் பையின் ஜிப்பை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

வசுமதி மகளையே பார்த்தாள். 'நீயுமா?' என்று கேட்கத் தெம்பில்லை.

அதற்குள் பதினொரு மணி அடித்துவிட்டது. இங்கே நடப்பது தெரியாத ஒரு காவலாளி வெளியிலிருந்து ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டார். வரிசையில் முதலில் நின்ற வயதான தம்பதி உள்ளே வந்தார்கள். டாக்குரியா கடைக்கு ஞாயிறு தவறாமல் வருகிற பானர்ஜி தம்பதி. தட்டை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அந்த அம்மாள் வசுமதியைப் பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தீதி! நீங்களே இங்க இருக்கீங்களா?" என்றாள் வங்காள மொழியில். கணவர் பக்கம் திரும்பி, "நான்தான் சொன்னேனே, பயப்படாம வாங்கன்னு. போர்டுல அவங்க பேர் இருக்கு, சாம்பாரை மாத்தியா வைக்கப்போறாங்க?" என்று உட்கார்ந்து, மூடி போட்ட கப்பை ஆசையாகக் கையில் எடுத்தாள்.

நிர்மல் அம்மாவைப் பார்த்தான். கண்ணாலேயே கெஞ்சினான். அந்தக் கண்ணைப் பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்குத் தெரியாதா? அவள் சும்மா நின்றால் போதும். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, குத்துவிளக்கை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் போதும். பிள்ளையின் நாள் நல்லபடியாகப் போகும்.

வசுமதி அந்த மேஜைக்குப் போனாள். பானர்ஜி அம்மாளின் கையிலிருந்து கப்பை மெதுவாக வாங்கினாள். இருபத்திரண்டு வருஷத்தில் கற்றுக்கொண்ட அரைகுறை வங்காள மொழியில், வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எடா ஆமார் ஷாம்பார் நா."

இது என் சாம்பார் இல்லை.